புனித வெள்ளியில் காயப்போட்ட விரிப்புகள்

கிரெசென்ஸ் என்பது பாதிரியார் வைத்த பெயர். எங்கள் ஹாசல்புருன் கிராமத்தில் அவளை எல்லோரும் கூப்பிட்டது ‘கிழிக்கிற சென்சி’ என்றுதான். அந்தப் பெயர் ஒரு சாவு வீட்டில் வந்தது. மாமியாரைப் புதைத்துவிட்டு வந்த கையோடு, மேஜையில் வைத்த சூப் ஆறுவதற்குள், சென்சியும் அவள் நாத்தனார் லோனியும் செத்தவளின் அலமாரியைத் திறந்து அடித்துக்கொண்டார்கள்.

கிழவி கல்யாணச் சீராகக் கொண்டுவந்த லினன் விரிப்புகள் பதின்மூன்று. ஆளுக்கு ஆறு போக ஒன்று மிஞ்சியது. அதுதான் முதலிரவு விரிப்பு. தலைமாட்டு ஓரத்தில், நட்ட நடுவில், சிவப்பு நூலில் பின்னிய ஒரு பூவளையம்.

“விடுடி. அது எங்கம்மா படுத்தது,” என்றாள் லோனி.

“படுத்தவங்க போய்ச் சேந்துட்டாங்க மதினி. மூணு வருஷமா துவைச்சவ நான்.”

லோனி அவள் கொண்டையைப் பிடித்தாள். சென்சி லோனியின் மணிக்கட்டைக் கடித்தாள். லோனி அலமாரிக் கதவை இவள் விரல் மேல் ஓங்கிச் சாத்தினாள். நகம் பிய்ந்து தொங்கியது. சென்சியின் புருஷன் ஆல்பன், அதாவது லோனியின் தம்பி, கையில் கரண்டியோடு வாசற்படியில் நின்று “ஏ அக்கா... ஏ சென்சி...” என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆம்பிளைக்கு அங்கே என்ன வேலை! இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்த இழுப்பில் அது பர்ரென்று கிழிந்தது. வளையத்தின் நடுவே நேராகக் கிழிந்தது. கூடத்தில் பாதிரியார் எழுந்தே நின்றுவிட்டார்.

ஆளுக்குப் பாதியோடு போனார்கள். பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரு வேலி. இருபது வருஷம் ஒரு வார்த்தை பேச்சில்லை.

லோனி தன் பாதியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். சென்சியிடம் அந்தப் பேச்சே கிடையாது. அவளிடம் போன துணி சும்மா கிடக்காது. நடுவில் நைந்துபோன விரிப்பை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, உரமான ஓரங்கள் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்து தைத்துவிடுவாள். இன்னும் பத்து வருஷம் உழைக்கும். கத்தரிக்கோலைத் தொடமாட்டாள். கத்தியால் ஒரு கீறல், பிறகு பல், பிறகு இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. கிழித்தால்தான் நூல் நேராகப் போகும் என்பாள். அந்தச் சத்தம் கேட்டால் கோழிகள்கூட முற்றத்தை விட்டு ஓடும்.

நடுத் தையல் ஆல்பனின் முதுகை அறுத்தது.

“இது படுக்கையா, வேலியா?” என்று கத்தினான் ஒருநாள்.

“வேலிதான். குடிச்சிட்டு வந்தா அந்தப் பக்கமே கிட.”

அந்தத் தையலும் விட்டால் தலையணை உறை. உறை நைந்தால் பழப்பாகு வடிகட்டும் துணி. அதிலும் கறை ஏறினால் மூன்று வாராகக் கிழித்துப் பின்னி, கன்றுக்குட்டி கட்டும் கயிறு. கடைசிக் கந்தல் சன்னல் இடுக்கில் குளிரை அடைத்தது. இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டுக்கும் பழைய விரிப்பில்தான் இடுப்புத் துணி கிழித்தாள். இரண்டும் ஆறு மாதம் தாண்டவில்லை. அந்தத் துணிகளை என்ன செய்தாள் என்று மட்டும் ஊரில் யாருக்கும் தெரியாது. கேட்கிற தைரியமும் யாருக்கும் இல்லை.

பிறகு கட்சி வந்தது. மர அறுவை ஆலைக்காரன் காங்கோல்ஃப் ஸ்டெக்மன் ஊருக்குக் கட்சித் தலைவனானான். வீட்டுக்கு வீடு கட்சியின் கொக்கிச் சிலுவைக் கொடி பறக்க வேண்டும் என்று உத்தரவு. புதுத் துணிக்குக் காசைக் கொட்ட சென்சிக்குப் பைத்தியமா? கிழிந்த இறகு மெத்தையின் சிவப்பு உறையை உரித்துக் கொடியாக்கினாள். நடு வட்டத்துக்கு ஒரு தலையணை உறை. காற்று அடித்தபோதெல்லாம் அந்தக் கொடியின் மடிப்பிலிருந்து வாத்து இறகு கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில், ஊரே பார்க்க, ஸ்டெக்மன் அவளைக் கன்னத்தில் அறைந்தான். மூக்கில் ரத்தம் வந்தது.

“கொடியா பறக்குது? வாத்துல்ல பறக்குது! என்னைக் கேலி பண்றியாடி?”

“வாத்துக்கிட்டப் போய்க் கேளுங்க,” என்றாள் சென்சி. இன்னொரு அறை விழுந்தது. லோனி பிரார்த்தனைப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “நல்லா வேணும்,” என்று காற்றிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

போர் ஆல்பனை நாற்பது வயதில் கூப்பிட்டு, நாற்பத்தொன்றில் ஒரு காலோடு திருப்பி அனுப்பியது. தொடையில் மிச்சமிருந்த துண்டு ஆறவே இல்லை. சீழ் வைத்தது, நாறியது, காய்ச்சல் ஏறியது. மருந்து இல்லை, கட்டுத் துணி இல்லை. அலமாரியில் இருந்ததையெல்லாம் சென்சி நாலு விரல் அகல வாராகக் கிழித்தாள். கட்டு, அவிழ், கொதிக்க வை, காயப்போடு, மறுபடி கட்டு. சீரில் வந்த ஆறில் மூன்றுதான் முழுசாக மிஞ்சின. மாமியாரின் பாதி விரிப்பை அவன் இடுப்புக்குக் கீழே மடித்துப் போட்டிருந்தாள். வாரம் மூன்று தடவை கொதித்துக் கொதித்து அது சுருங்கி, அதிலிருந்த அரை வளையம் இளஞ்சிவப்பாக வெளுத்துவிட்டது.

நாற்பத்தைந்தாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய வாரம், அமெரிக்கப் பீரங்கிகள் ஆற்றுக்கு அக்கரையில் வந்து நின்றன. கீழ்ப் பக்கத்து ஊரில் யாரும் வெள்ளைத் துணி காட்டவில்லை. அரை நாளில் அந்த ஊரைத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். பக்கத்து மலையூரில் ஒரு வீட்டுக்காரன் சன்னலில் வெள்ளைத் துணி கட்டினான். நம் படையே வந்து அவனையும் அவன் அப்பனையும் அவர்கள் வீட்டு ஆப்பிள் மரத்திலேயே தொங்கவிட்டது. எங்கள் கோவில் கதவிலும் ஆணை ஒட்டினார்கள்: வெள்ளைத் துணி தொங்கும் வீட்டில் உள்ள ஆண்கள் அத்தனை பேரும் சுடப்படுவார்கள்.

ஊர் மொத்தமும் கல்குவாரிச் சுரங்கத்துக்குள் போய்விட்டது. ஆல்பனைத் தூக்க முடியாது. தூக்கினால் தொடை பிய்ந்து ரத்தம் கொட்டும். ஒருமுறை தூக்கிப் பார்த்தார்கள், அவன் போட்ட கூச்சலில் கீழே வைத்துவிட்டார்கள். துணி கட்டாவிட்டால் அவர்கள் குண்டு அவனைக் கொல்லும். கட்டினால் இவர்கள் குண்டு கொல்லும். சென்சி அடுப்படியில் உட்கார்ந்து இதையே உருட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் எழுந்து வெந்நீர்க் கொப்பரைக்கு அடியில் தீ மூட்டினாள்.

துவைத்த துணியைக் காயப்போடக்கூடாது என்று எந்த ஆணையிலும் இல்லையே!

“சென்சி,” என்று கட்டிலிலிருந்து ஆல்பன் கூப்பிட்டான். “சாம்பத் தண்ணி வாடை வருதே. இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமா?”

“தெரியும்.”

“புனித வெள்ளிடி.”

“தெரியும்னு சொன்னேன்ல. வாயை மூடிட்டுப் படு.”

எங்கள் பக்கத்தில் புனித வெள்ளியன்று ஒரு கைக்குட்டையைக்கூட எவளும் நனைக்கமாட்டாள். அன்றைக்கு வெளியே தொங்குகிற விரிப்பு, வருஷம் திரும்புவதற்குள் அந்த வீட்டுப் பிணத்தைச் சுற்றும். சென்சிக்கும் அது தெரியும். ஆனாலும் மூன்று முழு விரிப்புகளையும் சீழ் படிந்த வார்களையும் சேர்த்துக் கட்டையால் அடி அடியென்று அடித்தாள். வீட்டின் பின்சரிவில், ஆற்றைப் பார்த்த ஆப்பிள் மரங்களுக்கு இடையே கயிறு கட்டி, காலை ஒன்பது மணிக்குக் காயப்போட்டாள். அக்கரையிலிருந்து பார்த்தால் சரிவு முழுக்க வெள்ளை.

“ஏய்!” வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். லோனி. மாட்டுக்குத் தண்ணீர் காட்டணும் என்று சாக்குச் சொல்லிச் சுரங்கத்திலிருந்து திரும்பியிருந்தாள். மாட்டைப் படை பிடித்துக்கொண்டு போய் மூன்று வாரமாகிறது. “புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? புனித வெள்ளியில விரிப்பு போடுற! என் தம்பிக்குக் கோடித் துணி போடுறியா?”

இருபது வருஷத்தில் முதல் பேச்சு.

“அவுக சுட்டாலும் சாவான், இவுக சுட்டாலும் சாவான். வேற வழி இருந்தாச் சொல்லுங்க மதினி. இல்லேன்னா உள்ள போயி ஜெபமாலை உருட்டுங்க.”

ஊரில் லோனியைவிட பக்திக்காரி கிடையாது. சிலுவைப் பாதை ஊர்வலத்தில் முன்னால் கொடி பிடிப்பவள். விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள். போகட்டும் என்று சென்சி திரும்பினாள்.

திரும்பியவளுக்கு எதிரே ஸ்டெக்மன் நின்றான். கூடவே நம் படை அதிகாரி ஒருவன், இரண்டு சிப்பாய்கள். அதிகாரி வடக்கே ஏதோ துறைமுகப் பட்டணத்துக்காரன். கண்கள் தூக்கம் கெட்டுச் சிவந்திருந்தன. அன்றைக்கு என்ன கிழமை என்றே அவனுக்குத் தெரியாது.

“இது என்ன?” என்று கேட்டான்.

“துணிங்கய்யா. காலு போன புருஷன் படுக்கையில கெடக்காரு. சீழுத் துணி. துவைக்காம என்ன பண்ண?”

அவன் ஒரு விரிப்பைப் பிடித்துப் பிழிந்தான். தண்ணீர் சொட்டியது. கட்டு வாரை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். “துவைச்சதுதான்,” என்று கிளம்பப் பார்த்தான்.

“சார், நில்லுங்க!” என்றான் ஸ்டெக்மன். “இன்னிக்குப் புனித வெள்ளி. இந்த ஊர்ல எந்தப் பொம்பிளையும் இன்னிக்குத் தண்ணியில கை வைக்கமாட்டா. வெட்டிப் போட்டாலும் வைக்கமாட்டா. இவ ஏமாத்துறா. இது அவனுகளுக்குக் காட்டுற துணி.”

அதிகாரி திரும்பி வந்து துப்பாக்கிப் பிடியால் அவள் வாயில் அடித்தான். முன்பற்கள் இரண்டும் நாக்கில் கழன்று விழுந்தன. அவள் முழங்காலில் உட்கார்ந்ததும் வயிற்றில் ஓர் உதை. “உள்ள இருக்கிறவனை இழுத்துட்டு வா,” என்று சிப்பாயிடம் சொன்னான். சென்சி அவன் பூட்ஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். விரல்களை மிதித்தான். விடவில்லை.

“எவண்டா அவன், என் புழக்கடைப் பக்கம் வந்து கத்துறது?”

எல்லோரும் திரும்பினார்கள். லோனி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வாளியோடு நின்றாள். வாளியிலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட ஒரு விரிப்பை எடுத்து, உதறி, தன் வீட்டுக் கயிற்றில் போட்டாள். பிறகு இன்னொன்று. கடைசியாக, இருபது வருஷம் பூட்டிக் கிடந்து பால் போல வெளுத்திருந்த அந்தப் பாதி விரிப்பு. சிவப்பு அரை வளையம் பளிச்சென்று இருந்தது.

“லோனி, நீயா? இன்னிக்கா?” ஸ்டெக்மனுக்கு நாக்குக் குழறியது.

“ஏன், நான் துவைச்சா தண்ணி வத்திருமா? வருஷா வருஷம் இன்னிக்குத்தான் துவைப்பேன். ஊரெல்லாம் கோவில்ல கெடக்கும், கெணத்தடி காலியா இருக்கும். நீ என்னிக்கு எங்க வீட்டுத் துணிக்கொடியைப் பாத்த? பொம்பிளைங்க துணி துவைக்கிற நாளை எண்ணுறதுதான் ஒனக்குப் பொழப்பா?”

சிலுவைக் கொடி பிடிக்கிறவள் புனித வெள்ளியில், நாக்குக் கூசாமல், பச்சைப் பொய் சொன்னாள்! அப்படியே சென்சியைப் பார்த்து, தாழ்ந்த குரலில், “எந்த வீட்டுத் துணி மொதல்ல கண்ணுல படுதோ, சாவு அங்க போவட்டும்,” என்றாள்.

அதிகாரி ஸ்டெக்மனைப் பார்த்தான். “எந்தப் பொம்பிளையும் துவைக்கமாட்டான்னு சொன்னே?”

ஸ்டெக்மன் பதில் சொல்வதற்குள் முதல் குண்டு விழுந்தது. மர அறுவை ஆலையின் கூரை அப்படியே மேலே எழும்பி, பலகை பலகையாகச் சிதறியது. இரண்டாவது குண்டில் ஆலை தீப்பிடித்தது. “கெளம்புங்கடா!” என்று அதிகாரி சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் ஓடினான். ஊரைப் பற்றி அவனுக்கென்ன கவலை!

ஸ்டெக்மன் ஓடவில்லை. எரிகிற ஆலையைப் பார்த்தான், அசைகிற விரிப்புகளைப் பார்த்தான். வெள்ளை தொங்கிய இரண்டு வீட்டுப் பக்கம் ஒரு குண்டுகூட வரவில்லை. “என் ஆலை போச்சு. ஒன் புருஷன் மட்டும் பிழைச்சிருவானா?” என்று கைத்துப்பாக்கியை உருவிக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தான்.

வாயிலிருந்து ரத்தம் ஒழுக, சென்சி ஓர் ஈர விரிப்பைக் கயிற்றிலிருந்து பிடுங்கி, பின்னாலிருந்து அவன் தலை மேல் வீசினாள். அது மார்பு வரை அவனை மூடி ஒட்டிக்கொண்டது. ஒரு முனை அவள் கையில். அடுத்த முனையை யார் பிடிப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வேலிப் பலகையை உதைத்துத் தள்ளிக்கொண்டு வந்த லோனி அதைப் பிடித்துவிட்டாள். அந்தக் காலத்தில் மாமியார் ஏவ, இரண்டு பேரும் இப்படித்தான் ஆளுக்கொரு முனையாக நின்று பெரிய விரிப்பைப் பிழிவார்கள். சென்சி வலப்பக்கம் திருகுவாள், லோனி இடப்பக்கம். கைக்கு மறக்கவில்லை.

“திருகுடி!” என்றாள் லோனி.

திருகினார்கள். துணிக்குள்ளிருந்து கெட்ட வார்த்தைகள் வந்தன, பிறகு இருமல் வந்தது. அவன் முட்டி போட்டு விழுந்தான். விழும்போது துணிக்குள்ளிருந்தே சுட்டான். ஒன்று மரத்தில் பட்டது. இரண்டாவது, லினனில் கறுப்பாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டு வந்து, லோனியின் வயிற்றில் இறங்கியது. லோனி ‘ஹக்’ என்றாள். முனையை மட்டும் விடவில்லை. அதைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினாள்.

சென்சி தன் முனையை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, துவைக்கும் கட்டையை எடுத்தாள். எத்தனை அடி என்று அவள் எண்ணவில்லை. மூன்று வருஷச் சீழையும் கோவில் வாசல் அறையையும் சேர்த்து அடித்தாள். வெள்ளைத் துணி உள்ளிருந்து சிவந்துகொண்டே வந்தது. அது அசைவதை நிறுத்திய பிறகும் அடித்தாள்.

“போதும்டி,” என்றாள் லோனி, தரையிலிருந்து. “துணி பாழாப் போவுது.”

சென்சி கட்டையை எறிந்துவிட்டு ஓடினாள். கயிற்றில் கிடந்த இரண்டு விரிப்புகளையும் இழுத்துக் கிழித்தாள். பல் இல்லை. வெறும் கையாலேயே பர் பர்ரென்று கிழித்துச் சுருட்டி, அந்த ஓட்டைக்குள் திணித்தாள். ஊறியது. இன்னொன்றைத் திணித்தாள். அதுவும் ஊறியது. வாழ்நாள் பூராவும் துணியை வேறொன்றாக மாற்றிக்கொண்டிருந்த கை, அன்றைக்கு எவ்வளவு கிழித்தும் போதவில்லை.

“அழாதடி. மூக்கு ஒழுகுது ஒனக்கு,” என்றாள் லோனி. “ஆல்பனு?”

“உள்ள இருக்காரு. உசுரோட இருக்காரு, மதினி. கத்திக்கிட்டிருக்காரு, கேக்கலியா?”

கட்டிலிலிருந்து ஆல்பன் இரண்டு பேர் பெயரையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“கேக்குது,” என்றாள் லோனி. “என் வீட்டுத் துணியைத்தான் மொதல்ல பாத்திருக்கு.” மத்தியானம், கோவில் மணி ஊமையாய்க் கிடக்கும் அன்றைக்கு, ஆண்டவர் உயிர்விட்ட அந்த மூன்று மணிக்கு முன்னாலேயே போய்விட்டாள்.

நாலு மணிக்கு அமெரிக்கர்கள் ஏறி வந்தார்கள். லோனி வீட்டுக் கயிற்றில் விரிப்புகள் ஆடிக்கொண்டிருந்தன. எங்கள் தெருப் பக்கம் ஒரு துப்பாக்கிகூட நீளவில்லை. ஆப்பிள் மரத்தடியில் கிடந்த மூட்டையை ஒருவன் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, சென்சியின் முகத்தையும் பார்த்துவிட்டு, தன் வழியே போனான்.

ஸ்டெக்மனைச் சுற்றியிருந்த விரிப்பை அவள் தூக்கிப் போடவில்லை. அவளாவது துணியைத் தூக்கிப் போடுவதாவது! நல்ல பாகத்தைக் கொதிக்க வைத்து, வாராகக் கிழித்து, மொத்தமாகப் பின்னி, வாசலில் மிதியடியாகப் போட்டாள். வந்தவர்கள் எல்லோரும் அதில்தான் சேறு துடைத்தார்கள். அந்தச் சிவப்புக் கொடி மறுபடியும் மெத்தை உறையாகி, ஆல்பனின் தொடைக்கு அடியில் போனது. அந்தக் கோடையில் அவன் தொடை ஆறியது.

ஆனால் அது பிறகு. புனித வெள்ளி மாலையில், ஆல்பன் கட்டிலோரமாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, சென்சி தன் பாதி விரிப்பையும் லோனியின் பாதியையும் தரையில் விரித்துச் சேர்த்துப் பார்த்தாள். லோனியுடையது வெள்ளை வெளேரென்று அகலமாகக் கிடந்தது. இவளுடையது பழுப்பேறி, ஒரு சாண் குட்டையாக இருந்தது. சிவப்பு அரை வளையமும் வெளுத்த அரை வளையமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

“வளையம் சேரலியே,” என்றான் ஆல்பன்.

“சேராது. நான் ரொம்பக் கொதிக்க வச்சிட்டேன்.”

என்றாலும் லோனியைச் சுற்றிப் புதைக்க அதைத் தைத்தாள். தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரை, நெருக்கி நெருக்கி, நடுவில் ஒரே தையல். வாய் வீங்கிக் கிடந்தது. எச்சிலும் ரத்தமும் மடியில் சொட்டாமல் அடிக்கடி துடைத்துக்கொண்டாள். கடைசி முடிச்சைப் போட்டதும் பழக்கத்தில் நூலை வாய்க்குக் கொண்டுபோனாள். கடிக்கப் பல் இல்லை. விரிப்பின் ஓரத்தைக் கட்டிலுக்கு நீட்டினாள். ஆல்பன் குனிந்து தன் அக்காவின் நூலைக் கடித்து அறுத்தான்.